ஏழாவது குழியில் நின்ற டிராலி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மாடிப்படியை யாரும் ஏறுவதில்லை. வெரைட்டிஹால் ரோட்டுக் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. லோகப்பிரியா இரண்டிரண்டு படியாக ஏறி, 'நரசிம்மலு, தனியார் விசாரணை' என்று எழுதிய கதவின் முன் நின்று மூச்சு வாங்கினாள். அவளைக் காரில் கூட்டி வந்த திருமூர்த்தி பின்னாலேயே ஏறி வந்தார்.

"போலீஸ் தேடிட்டுத்தான் இருக்குது அம்மணி. ஃபாரஸ்ட்காரங்களும் எறங்கியிருக்காங்க. இவரு வந்து புதுசா என்ன பண்ணிப்போடப் போறாரு?"

"தெரியலீங்கண்ணா. சும்மா உக்காந்திருக்க முடியலீங்க."

கதவைத் திறந்தவர் நரசிம்மலுவேதான். அறுபதைத் தாண்டியவர், இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருஷங்களுக்கு முன் லோகப்பிரியாவின் ஃபவுண்டரியில் தீப்பிடித்தபோது எல்லோரும் கரண்ட் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒரு குச்சியை வைத்து அரை நாள் சாம்பலைக் கிளறிவிட்டு, பக்கத்துக் குடோனிலிருந்து தீ வந்த வழியைக் காட்டினார். நேற்று இரவு முழுக்கக் கண்ணை மூடாமல் கிடந்தவளுக்கு விடியும்போது அந்தக் குச்சிதான் நினைவுக்கு வந்தது.

"எங்கூட்டுக்காரரைக் காணோமுங்க" என்றாள் உட்காராமலே. "நேத்து விடியக்காலம் கோல்ஃப் ஆடப் போனாரு. இன்னும் வரலீங்க."

உள் அறையிலிருந்து பிளாஸ்க்கோடு வந்தவர் சட்டென்று நின்றார். நரசிம்மலுவின் கூட்டாளி அப்துல் முத்தலிப். கோட்டைமேட்டு ஜவுளிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

"கோல்ஃபுங்களா? நானும் ஒரு வருஷமாக் கத்துக்கறேனுங்க. கிளப்புல அவரு ஆட்டத்துக்கு எத்தனை ஹேண்டிகேப் குடுத்திருக்காங்க?"

"பாய், டீயை ஊத்துங்க" என்றார் நரசிம்மலு. "நீங்க உக்காந்து சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். கணவர் மதன்குமார் பம்பு வார்ப்பு செய்பவர். சனி, ஞாயிறு விடிந்தால் தொண்டாமுத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் கோல்ஃப் கிளப்புக்குப் போய்விடுவார். ஆறு மாதமாக ஆட்டம் கெட்டுப்போயிருந்தது. அடித்த பந்தெல்லாம் வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போகும். ஹாலில் குடையை மட்டைபோலப் பிடித்து வீசிப் பார்த்ததில் ஃபேன் இறக்கை வளைந்தது. சாப்பிடும்போதும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார். போன ஞாயிறு திடீரென்று ஆட்டம் திரும்பி வந்துவிட்டது. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி வீட்டுக்கு வந்து ஆறிய தோசையை ருசித்துச் சாப்பிட்டார்.

"நேத்து எங்க சித்தப்பா ஊட்டுக் கிரகப்பிரவேசமுங்க. ஒரு நாளாவது அந்தப் பந்தை உடுங்கன்னேன். ஒம்பது குழி மட்டும் ஆடிப்போட்டு ஓடி வந்துர்றேன்னாரு. கெளம்பறப்ப எம்பேரைச் சொல்லிக் கூப்புட்டாரு. நான் முழிச்சுட்டே தூங்கற மாதிரி படுத்திருந்தேன்."

மிச்சத்தைத் திருமூர்த்தி எடுத்துச் சொன்னார். கார் கிளப்பிலேயே நிற்கிறது. மட்டைப் பை வைத்திருந்த டிராலி ஏழாவது குழி ஓரத்தில் அநாதையாக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் காடு. முந்தாநாள் அங்கே யானைத் தடம் பார்த்திருக்கிறார்கள். செல்போனைக் காரிலேயே விட்டுப் போயிருக்கிறார்.

"நீங்க அவர்கூட ஆடறவருங்களா?" என்று கேட்டார் நரசிம்மலு.

"காலேஜ்ல இருந்தே ஒண்ணாத் திரியறோமுங்க. நேத்தும் வரச்சொன்னான். முட்டிவலி, ஊட்டுலயே படுத்துட்டேன். ஊடு கிளப் வேலியை ஒட்டித்தான். போயிருந்தா இப்படி ஆயிருக்காதோன்னு…" திருமூர்த்தி இடது கையில் பிடித்திருந்த டீ டம்ளரைக் குடிக்காமலே மேஜை மேல் வைத்தார்.

நரசிம்மலு செருப்பைத் தேடினார். "போலாங்க. போற வழியில மிச்சத்தைப் பேசிக்கலாம்."

*

பேரூர் தாண்டியதும் பாக்குத் தோப்புகளும் தென்னந்தோப்புகளும் மாறி மாறி வந்தன. மலை முகட்டில் பனி இன்னும் கலையவில்லை. முன்சீட்டில் லோகப்பிரியா தன் மகள் கனிஷ்காவின் குறுஞ்செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து ரயிலேறிவிட்டாள். 'அப்பா வந்தாச்சா?' என்று கேட்டிருந்தாள். அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை. திருமூர்த்தி வண்டியை மெதுவாகவே ஓட்டினார். நேற்று இரவு நெடுநேரம் அவளோடு வீட்டில் இருந்தவர் அவர்தான். அவர் எடுத்து வைத்த இட்லிதான் அவள் கடைசியாகச் சாப்பிட்டது.

பின்சீட்டில் முத்தலிப் அடங்கிய குரலில் நரசிம்மலுவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்ல ஒரே ஒரு பந்து நெனச்ச இடத்துல போய் விழுகுமுங்க. அந்தச் சத்தமே தனி. அந்த ஒரு பந்துக்காக அடுத்த வாரம் மறுபடி போவோம், தொண்ணூறு பந்தைத் தொலைச்சுப்போட்டு வருவோம். நான் அடிச்சுப் பழகற ரேஞ்சுல ஒரு பேங்க் மேனேஜரு, தங்கமான மனுசன். பந்து தப்பாப் போனா மட்டையை முட்டில வெச்சு ஒடைச்சுப்போடுவாரு."

"தங்கமான மனுசனா?"

"ஆமாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு அவரே உக்காந்து அழுவாரு."

கிளப்பை அடைந்ததும் திருமூர்த்தி நேராக அவர்களை ஏழாவது குழிக்கு அழைத்துப் போனார். சூரியமின் வேலிக்கு அப்பால் வனத்துறை ஆட்களும் ஊர்க்காரர்களும் "மதன் சார், மதன் சார்" என்று கூவிக்கொண்டே புதர்களைத் தட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் குரல்கள் தூரமாகிக்கொண்டே போயின. வேலியோரம் போய் நின்று லோகப்பிரியாவும் ஒரு தடவை கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற திருமூர்த்தி கூப்பிடவில்லை. தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நரசிம்மலு வேலியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். "கம்பி எங்கயும் அறுபடல. யானை வந்திருந்தா வேலி இப்படியே நிக்குமா? டிராலியைப் பாக்கலாங்களா?"

டிராலி கிளப் அலுவலகத்தில் ஒரு மூலையில் இருந்தது. மைதானப் பராமரிப்பைப் பார்க்கும் பாலுசாமி பூட்டைத் திறந்துவிட்டார். நரசிம்மலு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்தின் இடுக்கில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிக் கைக்குட்டையில் போட்டுக்கொண்டார். செம்பழுப்பான தூள். அதற்குள் இரண்டு மூன்று மெல்லிய நார்.

"பாய், எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் தெரியாது. எல்லா மட்டையையும் எடுத்துத் தரையில வரிசையா வைங்க."

முத்தலிப் ஆசையாக ஒவ்வொன்றாக உருவி வைத்தார். "இது டிரைவருங்க, தூரமா அடிக்க. இது பட்டரு, குழிகிட்ட உருட்டிவிட. இதெல்லாம் அயர்னுங்க, நம்பர் ஏற ஏற பந்து உசரமாப் போய்க் கிட்டக்க விழுகும். இது ஏழாம் நம்பர், இது எட்டு, இதுவும் எட்…"

அவர் நிறுத்தினார். இரும்பு மட்டைகளெல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. இரண்டாவது எட்டு மட்டும் மற்றவற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. முத்தலிப் நரசிம்மலுவின் முகத்தைப் பார்த்தார். நரசிம்மலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சரி, எல்லாத்தையும் திரும்பப் பையில வெச்சுருங்க" என்று மட்டும் சொன்னார்.

"பையை நான் எங்கூட்டுக்குக் கொண்டுபோய் வெச்சர்றனுங்களே" என்றார் வாசலில் நின்ற திருமூர்த்தி. "இங்க இருந்தா அம்மணி பாத்துப் பாத்து அழுதுட்டே இருக்கோணும்."

"இருக்கட்டுங்க சார். பூட்டியே இருக்கட்டும்." நரசிம்மலு பாலுசாமியின் தோளில் கை வைத்துத் தாழ்வாரத்தின் கோடிக்கு நடத்திப் போய் ஏதோ கேட்டார். பாலுசாமி திகைத்துப்போய் ஒரே சொல்லில் பதில் சொன்னது தெரிந்தது. என்ன சொல் என்று லோகப்பிரியாவின் காதில் விழவில்லை. திரும்பி வரும்போது நரசிம்மலுவின் நடை வேகமாகியிருந்தது.

"நேத்துக் காலைல புல் வெட்டினது எந்தப் பக்கமுங்க?"

"அஞ்சாவதும் ஆறாவதும் வெட்டினோமுங்க" என்றார் பாலுசாமி. "வெளிச்சம் நல்லா வந்ததும் நானே மெஷினோட போனேன். அப்பவே டிராலி ஏழாவதுல நின்னுட்டிருந்துச்சு. வெள்ளைத் துணி விரிச்சாப்பல பனி."

"அதுல டிராலி போன தடம் இருந்துச்சா?"

"இல்லீங்க. மைனா நடந்தாலே கோடு தெரியுமுங்க. ஒரு கோடும் இல்ல."

நரசிம்மலு லோகப்பிரியாவைப் பார்த்தார். "அம்மா, அஞ்சையும் ஆறையும் ஆடாம ஒருத்தர் ஏழாவதுக்கு வரமாட்டாரு. இவரு நாலாவதுலயே நின்னுட்டாரு. டிராலி மட்டும் ஏழாவதுக்கு வந்திருக்குது. வேற வழி இருக்குதுங்களா பாலுசாமி?"

"நாலாவதுக்குப் பின்னாடி டிராக்டர் தடம் ஒண்ணு வேலி ஓரமாவே போகுதுங்க."

"இந்தத் தூள் எங்க கெடக்கும்?" நரசிம்மலு கைக்குட்டையை விரித்தார்.

"தென்னைநார்த் தூளுங்க. நாலாவது குழிக்குப் பின்னாடி புதுசா வெச்ச நாத்துக்குப் போட்டிருக்கோம். வேற எங்கயும் போடல."

"அங்க பள்ளம், கிணறு ஏதாவது?"

பாலுசாமியின் முகம் வெளுத்தது. "பழைய தோட்டத்துக் கிணறு ஒண்ணு இருக்குதுங்க. தண்ணியில்ல. மேல பூராவும் உண்ணிச்செடி மூடிக் கெடக்குது."

லோகப்பிரியா அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தாள்.

*

நாலாவது குழியை நெருங்க நெருங்க வேலிக்கு அப்பாலிருந்த நார் மில்லின் சத்தம் காதை அடைத்தது. தேங்காய் மட்டையை அரைக்கும் மெஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. நாற்றுகளைச் சுற்றிப் பரப்பிய தூளில் சக்கரத் தடம் கிணற்றுவரை போய்த் திரும்பியிருந்தது. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து முழங்கால் உயரமே இருந்தது. அதன் மேல் படர்ந்த செடியில் ஓரிடம் பிய்ந்து, இலைகள் வாடித் தொங்கின.

அவள் குனிந்து கத்தினாள். சத்தம் மெஷின் இரைச்சலில் கரைந்தது. கீழே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"மில்லை நிறுத்தச் சொல்லுங்க" என்றார் நரசிம்மலு. முத்தலிப் தன் வயசையும் வயிற்றையும் மறந்து வேலியைத் தாண்டி ஓடினார். லோகப்பிரியா சுவரில் நெஞ்சை அழுத்திக்கொண்டு கிடந்தாள். நிறுத்த மாட்டார்களோ, நிறுத்தியும் கீழே ஒன்றும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று மனசு ஓடியது. நிறுத்தாமலே இருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்காகத் தன்னையே வெறுத்தாள்.

இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கியது. எங்கோ ஒரு மயில் அகவியது. பிறகு எதுவுமில்லை.

"மதன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "மதன், நாந்தான்."

கிணற்றின் அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. மிகவும் மெல்லிய, மனிதக் குரல்.

அவளுக்குப் பின்னால் யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். திருமூர்த்தி நார்த்தூள் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

*

தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி மேலே கொண்டுவந்தபோது மதன்குமாருக்கு நினைவு முழுதாக இல்லை. வலது கால் முறிந்திருந்தது. பின்மண்டையில் காயம், உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அடியில் குவிந்து கிடந்த சருகுதான் உயிரைக் காப்பாற்றியதாக டாக்டர் சொன்னார். காலுக்கு ஆபரேஷன் முடிந்து, 'இனி பயமில்லை' என்ற சொல் வந்த பிறகுதான் லோகப்பிரியா ஆஸ்பத்திரி நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். எதிரே திருமூர்த்தி. அவருக்குப் பக்கத்தில் முத்தலிப் ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமலிருந்ததே விசித்திரமாக இருந்தது. நரசிம்மலு கூடவே இன்ஸ்பெக்டரையும் கூட்டி வந்தார். நரசிம்மலுவின் கையில் துண்டு சுற்றிய மட்டை ஒன்று இருந்தது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்குது" என்றார். "டிராலி தானா நடந்து ஏழாவதுக்குப் போகாது. உங்க வீட்டுக்காரர் கிணத்துல விழுந்த பிறகு யாரோ தள்ளிட்டுப் போயிருக்காங்க. காட்டு ஓரத்துல நிறுத்தினா எல்லாரும் காட்டுலதான் தேடுவாங்க. யாருன்னு இந்த மட்டைதான் சொல்லுச்சு. பாய், நீங்க சொல்லுங்க."

முத்தலிப் தொண்டையைச் செருமினார். "எட்டாம் நம்பர் அயர்னுங்க. பையில ரெண்டு எட்டு இருந்துச்சு. யாரும் ரெண்டு வெச்சுக்க மாட்டாங்க. அதுல இது நொட்டாங்கை மட்டைங்க. உங்க ஊட்டுக்காரர் சோத்தாங்கையில ஆடறவரு. இதை வெச்சு அவரால பந்தைத் தொடக்கூட முடியாது."

"இந்தக் கிளப்புல இடது கையில ஆடறவங்க யாருன்னு பாலுசாமியைக் கேட்டேன்" என்றார் நரசிம்மலு. "ஒரே பேர்தான் சொன்னாரு. காலைல என் ஆபீஸ்ல டீ டம்ளரை அவர் பிடிச்ச கையை நான் பாத்திருந்தேன். வீட்டுல படுத்திருந்ததாச் சொன்னவரோட மட்டை அந்தப் பைக்குள்ள எப்படி வந்துச்சு? பையை அவர் எடுத்துட்டுப் போறேன்னு சொன்னதும் அதுக்காகத்தான்."

லோகப்பிரியா மெதுவாகத் தலையைத் திருப்பித் திருமூர்த்தியைப் பார்த்தாள்.

"அங்கேயே ஏனுங்க கேக்கல?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கேட்டிருந்தா இவரு இல்லைன்னிருப்பாரு. அந்தப் பேச்சுக்கெல்லாம் கிணத்துக்குள்ள இருந்தவருக்கு நேரமில்லீங்க."

திருமூர்த்தி பேசத் தொடங்கியபோது குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "நாலாவதுல அவன் ஒரு பந்து அடிச்சான். பனிக்குள்ள போய்க் குழியில நட்ட கொடிகிட்ட விழுந்துச்சு. இத்தனை வருஷத்துல நான் அப்படி ஒண்ணு அடிச்சதில்ல. அப்புறம் நான் அடிச்சேன். பந்து வளைஞ்சு கிணத்துப் பக்கம் போயிருச்சு. விடு திரு, நான் தேடித் தாரேன்னு சிரிச்சுட்டே அவன் போனான். அந்தச் சிரிப்பு… கேலியெல்லாம் இல்லீங்க, அவனுக்குச் சந்தோசம். எனக்குத்தான் தாங்கல. மட்டையை வீசிப்போட்டேன். அவனைப் பாத்து வீசல. சுத்திட்டே போய்ப் பின்னந்தலையில பட்டு, அவன் அப்படியே சுவருக்கு அந்தப் பக்கம்…"

திருமூர்த்தி தன் இடது கையைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"எட்டிப் பாத்துக் கூப்புட்டேன். சத்தமே இல்ல. மில்லு வேற ஓடுது. செத்துட்டான்னு நெனச்சுட்டேன். கீழ கெடந்ததையெல்லாம் அள்ளி அவன் பையிலயே சொருகி, தள்ளிட்டுப் போயிட்டேன். ஊட்டுக்கு வந்து பாத்தப்பத்தான் என் மட்டை ஒண்ணு இல்லைன்னு தெரிஞ்சுது."

தாழ்வாரத்தில் ஒரு நர்ஸ் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்து போனாள். லோகப்பிரியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மட்டையை வீசினது கோவமுங்கண்ணா" என்றாள். "அதை நான் என்னைக்காவது மறந்துருவேன். நேத்து ராத்திரி எங்கூட்டு மேஜையில உக்காந்து எனக்கு இட்லி எடுத்து வெச்சீங்க. சாப்புடு அம்மணி, அவன் வந்துருவான்னீங்க. அப்ப அவரு உசுரோட கெடந்தாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராத்திரியே தூக்கியிருப்போம்."

திருமூர்த்தி எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரோடு நடந்தார். முத்தலிப் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நரசிம்மலு அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மகள் வந்து சேரும்வரை தாங்கள் கீழேயே இருப்பதாகச் சொன்னார்.

சற்று நேரத்தில் நர்ஸ் வந்து அழைத்தாள். உள்ளே மதன்குமார் கண் விழித்திருந்தார். தலைக்கட்டுக்குக் கீழே முகம் பாதியாகச் சுருங்கித் தெரிந்தது. அவள் கையைப் பிடித்ததும் அவர் உதடு அசைந்தது. அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"திரு எங்க, லோகு? எனக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தான். என்னை அடிச்சது எதுன்னே தெரியல. ராத்திரி பூரா அவனைத்தான் கூப்புட்டுட்டே கெடந்தேன். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்து, ஸ்பூனால் தண்ணீரை அவர் வாயில் விட்டாள். இரண்டு ஸ்பூன் இறங்கியது. அவர் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சொல்றனுங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க. எல்லாம் சொல்றேன்."